முள்ளுக்கு யார் உபதேசம் செய்வது?

முள்ளின்மேல் சேலை விழுந்தாலும், சேலையின்மேல் முள் விழுந்தாலும் சேதம் சேலைக்குத்தான். நம் வீடுகளில் பெண்பிள்ளைகள் வயதுக்கு வந்த நாள்முதல் ஓயாமல் ஓதப்படும் பழமொழி இது. பாட்டி சொல்வார், தாய் சொல்வார், சொல்வதற்கு உரிமையே இல்லாத அண்டை வீட்டாரும் சொல்வர். பட்டுச் சேலைக்குப் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தில் இதைக் கேளாமல் வளர்ந்த பெண் ஒருத்தி இருப்பாள் என்று நாம் நம்பவில்லை.

ஆனால் அதே காஞ்சியில், பிள்ளையார்பாளையத்துத் தறி வீடு ஒன்றில் நுழைந்து கேட்டுப் பாருங்கள். தறிக்கட்டையில் சிராய் கிளம்பிப் பாவு இழையை அறுத்துவிட்டால் நெசவாளர் என்ன செய்வார்? அறுந்த இழையை முடிந்து சேர்ப்பார். கட்டையை இழைத்துச் சிராயை நீக்குவார். அதன் பிறகே நாடாவை ஓட்டுவார். ‘நீ ஏன் அந்தப் பக்கம் போனாய்?’ என்று பட்டிழையைப் பார்த்து எந்த நெசவாளரும் கேட்டதில்லை. இழைக்குக் கிடைக்கும் இந்த நியாயம் ஈன்ற மகளுக்குக் கிடைக்காதது ஏன் என்பதே நாம் இங்கே எழுப்பும் வினா.

அந்தப் பழமொழியில் இரண்டு பிழைகள் உள்ளன. முதலாவது, அது ஆணை முள்ளாக்குகிறது. முள்ளுக்கு அறிவில்லை, நாணமில்லை, மறுமையில் கேள்வி கணக்கும் இல்லை. குத்துவது அதன் இயல்பு. நம் ஆண்பிள்ளைகள் அத்தகைய பிறவிகளா? அப்படியென்றால் அவர்களுக்குத் தொழுகையும் நோன்பும் ஏன் விதிக்கப்பட்டன? இரண்டாவது பிழை இன்னும் கொடியது. சேதமடைந்தது சேலை என்றவுடன், வெட்கப்பட வேண்டியதும் சேலையே என்று நாம் தீர்ப்பளித்து விடுகிறோம். காயம் பட்டவள் வேறு, மானம் போனவள் வேறு. காயம் பட்டவளுக்கு மருந்து வேண்டும். மானம் போனது காயப்படுத்தியவனுக்கு. இந்த வேறுபாட்டை நாம் அழித்துவிட்டோம். நம் மொழியே இதற்குச் சாட்சி. நேற்றுவரை நம் நாளிதழ்கள் இக்குற்றத்தைக் ‘கற்பழிப்பு’ என்றே எழுதி வந்தன. கொள்ளை என்றால் கொள்ளையன் நினைவுக்கு வருகிறான். கொலை என்றால் கொலைகாரன் நினைவுக்கு வருகிறான். கற்பழிப்பு என்ற சொல்லில் மட்டும் குற்றவாளியைக் காணோம். எதையோ இழந்துவிட்ட ஒரு பெண்தான் தலைகுனிந்து நிற்கிறாள்.

பெண்களுக்குச் செய்யும் உபதேசம் போதாது என்று மட்டும் நாம் சொல்ல வரவில்லை. அது குற்றம் செய்பவனின் கையில் ஆயுதமாகிறது என்பதே நம் குற்றச்சாட்டு. மிகைப்படுத்திச் சொல்வதாக எண்ண வேண்டாம். அண்மை ஆண்டுகளில் தமிழகத்தை உலுக்கிய இரு வழக்குகளைப் பாருங்கள்.

காஞ்சி மண்ணில் பிறந்த அண்ணாவின் பெயரைத் தாங்கிய சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில், 2024 டிசம்பர் 23 இரவு, ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். நண்பருடன் இருந்ததை வீடியோ எடுத்திருப்பதாகச் சொல்லி மிரட்டியே அவன் அக்குற்றத்தைச் செய்தான். அவனிடம் இருந்தது துப்பாக்கியன்று. ‘இதை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்’ என்ற சொல்தான். அந்தப் பெண் அஞ்சி ஒடுங்கவில்லை. காவல் நிலையத்துக்குச் சென்று புகார் கொடுத்தார். அடுத்து நடந்தது என்ன? அவருடைய அடையாளம் அடங்கிய முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்து ஊரெங்கும் உலவியது. அவ்வறிக்கை எழுதப்பட்ட விதமே பாதிக்கப்பட்டவர்மீது பழி சுமத்துவதாக உள்ளது என்று சென்னை உயர்நீதிமன்றம் கண்டித்தது. டிசம்பர் 28 அன்று மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. 2025 மே 28-இல் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. ஜூன் 2-இல், குறைந்தது 30 ஆண்டுகள் தண்டனைக் குறைப்பின்றிச் சிறையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

பொள்ளாச்சியின் கதையும் இதுவே. பெண்களைப் பழகி வரவழைத்து, வன்கொடுமை செய்து, அதைப் படமாக்கி, அப்படத்தைக் காட்டியே மீண்டும் மீண்டும் மிரட்டிய கூட்டம் அது. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்தபோதுதான் அந்தக் கொடுமை வெளியுலகுக்குத் தெரிந்தது. அவருடைய பெயரைக் காவல்துறை அதிகாரியே செய்தியாளர்களிடம் வெளியிட்டார். அரசாணையிலும் பெயர் இடம்பெற்றது. 2025 மே 13-இல் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. ஆறு ஆண்டுகளுக்கு மேல் நீண்ட அந்த வழக்கில் துணிந்து சாட்சி சொன்ன பெண்களை நாம் மனதார வாழ்த்துகிறோம்.

சற்று நிதானமாகச் சிந்தியுங்கள். ஒரு படம் எப்படி ஆயுதமாகிறது? ஒருவன் தான் செய்த கொள்ளையைத் தானே படமெடுத்து, கொள்ளை கொடுத்தவரிடம் போய், ‘இதை ஊருக்குக் காட்டிவிடுவேன்’ என்று மிரட்டினால் நாம் சிரிக்க மாட்டோமா? அவனைக் கட்டிப் போடுவதற்கு அந்தப் படமே போதுமே! பெண்ணின் விஷயத்தில் மட்டும் குற்றத்தின் சாட்சியம் குற்றவாளியின் ஆயுதமாக மாறிவிடுகிறது. மாற்றித் தந்தவர்கள் யார்? ‘ஊர் என்ன சொல்லும்?’ என்று பத்து வயதிலிருந்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்த நாமே. தனக்கு ஏதேனும் நேர்ந்தால் அத்தா அடிப்பார், அண்ணன் வெட்டுவான், படிப்பு நின்றுவிடும் என்று அவள் அறிவாள். அவள் அறிந்திருப்பதை அவனும் அறிவான். அவன் கைபேசியில் இருப்பது வெறும் படம். அதற்குள் தோட்டாவை நிரப்பியது நம் நாக்கு.

‘திருடன் உலவும் ஊரில் கதவைப் பூட்டாமல் இருக்கச் சொல்கிறீர்களா?’ என்று உடனே கேட்பவர் உண்டு. அவருக்கு மூன்று விடைகள் தருகிறோம். பூட்டிய வீட்டிலும் திருட்டுப் போகிறது. அப்போது நாம் வீட்டுக்காரர்மீது வழக்குப் போடுவதில்லை, திருடனைத்தான் தேடுகிறோம். இது முதல் விடை. பெட்டியைப் பூட்டலாம், மகளைப் பூட்ட முடியாது. அவள் பொருளன்று, படிக்கவும் உழைக்கவும் தொழவும் நடக்கவும் உரிமையுள்ள ஆன்மா. இது இரண்டாவது. மூன்றாவதைக் கவனமாகக் கேளுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் பதிவான பாலியல் வல்லுறவு வழக்குகள் 31,516. குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்ற நிலை, ஆண்டுதோறும் இத்தகைய வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல். உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர், வேலை கொடுத்தவர், மணப்பதாக வாக்களித்தவர். அதாவது, பத்தில் ஒன்பது பேர் சாவி வைத்திருப்பவர்கள். பூட்டை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போவதால் என்ன பயன்?

குழந்தைகள் விஷயம் இதைவிட நெஞ்சை அறுப்பது. நடுவண் அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் நல அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்தது. அவர்களில் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறினர். துன்புறுத்தியவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆண்குழந்தைகள்! ஆடைதான் காரணம் என்போர் இதற்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்? அரைக்கால் சட்டை அணிந்து பள்ளிக்கும் மதரஸாவுக்கும் போகும் ஏழு வயதுச் சிறுவனுக்கு எந்த ஒழுக்க உபதேசத்தைச் செய்யப் போகிறார்கள்?

உபதேசத்துக்கு ஒரு விலையும் உண்டு. அதைக் கொடுப்பவர்களும் பெண்களே. காஞ்சியில் தறியை மட்டும் நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பெண்பிள்ளைகள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள்; ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு நிறுவனப் பேருந்துகளில் போகிறார்கள்; பட்டுக் கடைகளில் விற்பனைக்கு நிற்கிறார்கள். அவர்களுடைய சம்பளத்தில் அடுப்பெரியும் வீடுகள் பல. எங்கோ ஒரு கொடுமை நடந்த செய்தி வந்தவுடன் நாம் செய்வது என்ன? ‘நாளை முதல் வேலைக்குப் போக வேண்டாம்’ என்று மகளிடம் சொல்கிறோம். அதே வீட்டில், அதே கூடத்தில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் மகனிடம் ஒரு சொல் சொல்வதில்லை. குற்றம் செய்தது யாரோ ஓர் ஆண். சிறைத் தண்டனை நம் வீட்டுப் பெண்ணுக்கு. ஒவ்வொரு குற்றவாளியும் ஒருத்தியைத்தான் தாக்குகிறான்; நம் அச்சம் அவனுக்காக ஆயிரம் பேரை வீட்டில் அடைத்துத் தருகிறது.

இந்தக் கோணல் புதியதன்று. நம் தமிழ்க் காப்பியமான மணிமேகலையின் சிறைசெய் காதையில் ஒரு கிளைக்கதை வருகிறது. காவிரியில் நீராடி வந்த மருதி என்னும் பெண்ணைப் புகாரை ஆண்ட ககந்தனின் மகன் இச்சையோடு மறிக்கிறான். அவள் சதுக்கப் பூதத்திடம் சென்று முறையிடுகிறாள். பூதம் முதலில் என்ன செய்கிறது தெரியுமா? அவளையே குறை கூறுகிறது! வீண்கதைகளைக் கேட்டாயாம், விழாக்களில் மனம் வைத்தாயாம், அதனால் உன் கற்புக்கு ஆற்றல் குறைந்ததாம். நம் தெருக்களில் நடமாடும் பூதங்கள் பல இன்றும் இவ்வாறே பேசுகின்றன. ஆனால் அரசன் பூதத்தைப்போல் பேசவில்லை. மருதி எங்கே போனாள், ஏன் தனியே போனாள் என்று அவன் விசாரிக்கவில்லை. தன் மகனைத் தண்டித்தான். தன் கையாலேயே தண்டித்தான். அந்தத் தண்டனையின் கொடுமையைப் பின்பற்றுமாறு நாம் சொல்லவில்லை. தந்தையின் கை எந்தத் திசையில் நீண்டது என்பதை மட்டும் பார்க்கச் சொல்கிறோம். இக்கதையைச் சொல்லும் காப்பியத்தின் நாயகி மணிமேகலை, இறுதியில் வந்து பசித்தோர்க்கு அமுதளித்த ஊர் காஞ்சியே. காஞ்சிக்கு அந்தச் செய்தி அயலானதன்று.

தமிழ் மரபு அவ்வாறிருக்க, நம் மார்க்கம் சொல்வது என்ன? பெண்ணின் ஆடையைப் பற்றிப் பேச வேண்டுமானால் திருக்குர்ஆனின் சூரத்துந் நூரை மேற்கோள் காட்டாத பேச்சாளர் இல்லை. அவர்கள் காட்டுவது 31-ஆம் வசனம். அதற்கு முந்தைய 30-ஆம் வசனம் யாரை நோக்கியது? நம்பிக்கை கொண்ட ஆண்களை! பார்வையைத் தாழ்த்துமாறும் கற்பைக் காக்குமாறும் இறைவன் முதலில் ஆண்களுக்கே கட்டளையிடுகிறான், பிறகே பெண்களுக்கு. இறைவன் வைத்த வரிசையை மாற்ற நமக்கு அதிகாரம் தந்தவர் யார்? 30-ஐத் தாண்டி 31-க்கு ஓடும் பயானைக் கேட்டு வளர்ந்த வாலிபன், பார்வை தன் பொறுப்பன்று, பெண்ணின் முந்தானையின் பொறுப்பு என்றே முடிவு செய்வான். செய்துகொண்டும் இருக்கிறான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இறுதி ஹஜ்ஜின்போது நடந்த நிகழ்ச்சியை நம் மக்கள் அறிவர். நாயகத்தின் வாகனத்தில் பின்னால் அமர்ந்திருந்தார் இளைஞரான ஃபழ்ல் இப்னு அப்பாஸ் (ரலி). ஃகத்அம் குலத்துப் பெண் ஒருவர், முதுமையடைந்த தம் தந்தைக்காக ஹஜ் செய்யலாமா என்று கேட்க வந்தார். ஃபழ்லின் பார்வை அப்பெண்ணின்மீது பதிந்தது. நாயகம் அவர்கள் என்ன செய்தார்கள்? ஃபழ்லின் முகத்தைப் பிடித்து மறுபக்கம் திருப்பினார்கள். அந்தப் பெண்ணைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை; கூட்டத்துக்கு ஏன் வந்தாய் என்று கடியவில்லை; அவருடைய கேள்விக்கு விடையும் தந்தார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஓதப்பட்டுவரும் இந்த நபிமொழியில் நம் வினாவுக்கு விடை முழுவதும் இருக்கிறது. திருப்பப்பட வேண்டியது யாருடைய முகம்?

நாக்கைப் பற்றியும் அதே சூரத்தில் எச்சரிக்கை உண்டு. ஒழுக்கமுள்ள பெண்மீது பழி கூறிவிட்டு நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவனுக்குக் கடும் தண்டனையை 4-ஆம் வசனம் விதிக்கிறது. பெண்ணை ஊர் வாயிலிருந்து காப்பதற்காக வந்த கட்டளை அது. அதையே பாகிஸ்தானில் 1979-இல் ஜியாவுல் ஹக் ஆட்சி தலைகீழாக்கியது. வல்லுறவுக் குற்றத்துக்கு ஹத்துத் தண்டனை வழங்க நான்கு ஆண் சாட்சிகள் வேண்டும் என்றாக்கி, குற்றத்தை மெய்ப்பிக்க இயலாத பெண்களையே விபசாரக் குற்றம் சாட்டிச் சிறையிலடைக்க வழி செய்தது. 2006-இல் சட்டம் திருத்தப்படும்வரை அந்த அநீதி நீடித்தது. கவசத்தை உருக்கிக் கத்தியாக்கிய கதை இது. நம் நாட்டிலும் 1978-இல் ஹைதராபாத் காவல் நிலையத்தில் ஏழை முஸ்லிம் பெண் ஒருவர் காவலர்களால் சீரழிக்கப்பட்டு, ரிக்ஷா ஓட்டிய அவர் கணவரும் அடித்துக் கொல்லப்பட்டபோது, அப்பெண்ணின் நடத்தையைப் பற்றியே பேச்சு ஓடியது. விசாரணை ஆணையம் காவலர்கள் குற்றம் செய்ததாகக் கண்டது. வழக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றப்பட்டு, 1981-இல் அவர்கள் விடுதலையாயினர். அன்று கொதித்தெழுந்த சமுதாயம், தன் மஹல்லாவில் ஒரு பெண் அழுது நின்றால் முதலில் அவளுடைய நடத்தையைத்தான் விசாரிக்கிறது. இது முறையா?

‘பொய்ப் புகார் வராதா?’ என்பார்கள். வரக்கூடும். யூசுப் (அலை) அவர்கள்மீதே பொய்ப் பழி வந்தது. அது எவ்வாறு தீர்க்கப்பட்டது? சட்டை முன்புறம் கிழிந்திருக்கிறதா, பின்புறம் கிழிந்திருக்கிறதா என்று சான்றைப் பார்த்துத் தீர்க்கப்பட்டது. குலத்தையும் கோத்திரத்தையும் வைத்தன்று. இன்னார் மகன் அப்படிச் செய்யமாட்டான் என்ற சிபாரிசை வைத்துமன்று. சான்றைப் பாருங்கள் என்பதுதான் நம் கோரிக்கையும்.

இனி, குற்றம் செய்பவன் யார் என்று பார்ப்போம். கொம்பு முளைத்த அரக்கனா? ஐ.நா. அமைப்புகள் இணைந்து 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, இலங்கை, பங்களாதேஷ், இந்தோனேசியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் நேரில் விசாரித்தது. ‘வல்லுறவு’ என்ற சொல்லைப் பயன்படுத்தாமல், செயலை மட்டும் விவரித்து, செய்ததுண்டா என்று கேட்டார்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவர், மனைவியையோ வேறு பெண்ணையோ அவ்வாறு பலவந்தப்படுத்தியதுண்டு என்று ஒப்புக்கொண்டார். ஏன் செய்தீர்கள் என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் தந்த விடை என்ன? ஆடையன்று, இருட்டன்று. தனக்கு அது உரிமை என்ற எண்ணம். அவள் இசைவு வேண்டியதில்லை, விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். இன்னொன்றும் தெரிய வந்தது: ஒப்புக்கொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் முதன்முதலில் அதைச் செய்தது இருபது வயதுக்கு முன்பே. அதாவது தந்தையின் வீட்டில் உண்டு, தாயின் கையால் உடுத்தி, பள்ளிக்கூடம் போய்வந்த பருவத்தில்.

இந்த இடத்தில்தான் நம் பொறுப்பு தொடங்குகிறது. தண்டனை வேண்டும், அதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை. 2025 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றம் தண்டனைகளைக் கடுமையாக்கித் திருத்தங்கள் நிறைவேற்றியதை வரவேற்கிறோம். ஆனால் தண்டனை என்பது ஒரு பெண் சிதைந்த பின்பு வருவது. சிதையாமல் காப்பது, பன்னிரண்டு வயதுப் பையனின் மனத்தில் ‘இது உன் உரிமையன்று’ என்று எழுதுவதே. அதை எழுதக் காவல்துறை வராது, நீதிமன்றமும் வராது.

எழுத முடியுமா என்று ஐயுற வேண்டாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பள்ளி விளையாட்டுப் பயிற்சியாளர்களைக் கொண்டு ஒரு முயற்சி நடந்தது. வாரம் ஒருமுறை, கால்மணி நேரம், பயிற்சியாளர் தம் மாணவர்களிடம் பெண்களை மதிப்பது பற்றியும், தோழன் தவறு செய்கையில் தடுப்பது பற்றியும் பேசினார். அவ்வளவே. ஓராண்டு கழித்து ஆராய்ந்தபோது, அப்பேச்சைக் கேட்ட மாணவர்கள் தாம் பழகும் பெண்களைத் துன்புறுத்துவது மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. அதே முறையை மும்பையில் ‘பரிவர்த்தன்’ என்ற பெயரில் பள்ளிகளிலும் சிவாஜி நகர்க் குடிசைப் பகுதியிலும் கிரிக்கெட் பயிற்சியாளர்களைக் கொண்டு செய்து பார்த்தார்கள். பையன்களின் மனப்பாங்கில் நல்ல மாற்றம் காணப்பட்டது. வாரம் ஒருமுறை கால்மணி நேரப் பேச்சு! ஒவ்வொரு வெள்ளியும் நூற்றுக்கணக்கான ஆண்கள் வாய்மூடி அமர்ந்து கேட்கும் ஜும்ஆ மேடையை வைத்திருக்கும் சமுதாயம் நாம். அந்த மேடையில் எத்தனை வெள்ளிகள் இதற்கு ஒதுக்கப்பட்டன? பெண்கள் அமர்ந்திராத சபையில் பெண்களுக்கு உபதேசம் நடக்கிறது. எதிரே அமர்ந்திருக்கும் ஆண்களுக்கு இல்லை. இதைவிட விந்தை உண்டா?

தந்தையர் மகனிடம் என்ன பேசுவது என்று தயங்குகிறார்கள். சொல்ல வேண்டியவை கடினமானவையல்ல. ஒரு பெண் ‘வேண்டாம்’ என்றால் அதற்கு வேண்டாம் என்றுதான் பொருள். திரைப்படப் பாட்டில் வருவதுபோல் வேறு பொருள் இல்லை. அஞ்சி வாய்மூடி நிற்பது சம்மதமாகாது. பின்தொடர்வது காதலன்று, குற்றம். தோழர்கள் ஒரு பெண்ணின் படத்தைச் சுற்றுக்கு விட்டால், பார்ப்பவனும் பகிர்பவனும் பங்காளிகள். அழித்துவிட்டுப் பெரியவரிடம் சொல்பவனே ஆண்மகன். கருட சேவையிலும் கந்தூரியிலும் பேருந்திலும் நெரிசலைப் பயன்படுத்தி நீளும் கை இழிவான கை. இவற்றைச் சொல்ல நாணும் தந்தைக்கு ஒன்று சொல்வோம்: நீங்கள் பேசாவிட்டால் கைபேசி பேசும், அது கற்பிக்கும் பாடம் எத்தகையது என்பதை நீங்கள் அறிவீர்கள். வாயால் சொல்வது மட்டும் போதாது. வீட்டில் மனைவியிடம் கைநீட்டும் தந்தையின் உபதேசம் மகனின் காதில் ஏறாது. தங்கை தட்டைக் கழுவ, அண்ணன் கைகூடக் கழுவாமல் எழுந்து போகும் வீட்டில்தான் ‘எல்லாம் எனக்குரியது’ என்ற முதல் பாடம் நடக்கிறது.

ஜமாஅத் பெருமக்களுக்கும் உலமாப் பெருமக்களுக்கும் நம் வேண்டுகோள் உண்டு. ‘விஷயம் வெளியே போக வேண்டாம், பேசி முடிப்போம்’ என்று சமரசத்தில் இறங்காதீர்கள். சீரழித்தவனுக்கே அவளைக் கட்டிவைப்பது நீதியன்று. முள்ளுக்கே சேலையைச் சீதனமாகக் கொடுப்பது. 2015-இல் கடலூர் மகளிர் நீதிமன்றம் தண்டித்த ஒருவனுக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணுடன் சமரசம் பேசுவதற்காகச் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் தந்தது. தாய் தந்தையற்ற அந்த ஏழைப் பெண் சமரசத்துக்கு உடன்பட மறுத்தார். வேறொரு வழக்கில் உச்சநீதிமன்றம், வல்லுறவுக் குற்றத்தில் சமரசத்துக்கே இடமில்லை என்று ஜூலை முதல் நாள் தீர்ப்பளித்தது. அதே மாதத்தில் உயர்நீதிமன்றம் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது. நீதிமன்றத்துக்கே இல்லாத அதிகாரம் நம் பஞ்சாயத்துக்கு ஏது? பதினெட்டு வயது நிரம்பாதவர் பாதிக்கப்பட்டால், அறிந்தவர் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டளையிடுகிறது, மறைப்பது தண்டனைக்குரியது. குழந்தைகளுக்கான 1098 என்ற உதவி எண்ணைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் மதரஸா வாசலிலும் எழுதி வைப்பதற்கு எவ்வளவு செலவாகும்? பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி குற்றம். திண்ணைப் பேச்சுக்காரர்கள் இதை நினைவில் வைப்பது நலம்.

கடை வைத்திருப்போரும் தொழில் நடத்துவோரும் இதில் விலகி நிற்க முடியாது. பத்துப் பேர் வேலை செய்யும் இடமானால் புகார் விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அதனினும் சிறிய கடைக்கும் தறிக்கூடத்துக்கும் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. நம் கடைகளில் நிற்கும் பெண்களுக்கு அதைச் சொல்லியிருக்கிறோமா? அவர்களைவிட முக்கியமாக, அங்கே வேலை செய்யும் ஆண்களுக்குச் சொல்லியிருக்கிறோமா?

மகளுக்கு எதுவுமே சொல்லக் கூடாது என்பதன்று நம் வாதம். அவளுக்குச் சொல்ல வேண்டிய சொல் ஒன்று உண்டு. அதை நாம் இதுவரை சொல்லவில்லை. ‘உனக்கு என்ன நேர்ந்தாலும் எங்களிடம் வா. நாங்கள் உன்னைக் கேள்வி கேட்க மாட்டோம். படிப்பு நிற்காது, வேலை நிற்காது, எவன் என்ன படம் வைத்திருந்தாலும் அவன்தான் அஞ்ச வேண்டும்.’ இந்த வாக்குறுதியைப் பெற்ற பெண்ணை எந்த வீடியோவும் மிரட்டாது. நூறு எச்சரிக்கைகள் தராத காப்பை இந்த ஒரு சொல் தரும்.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. வருகிற வெள்ளிக்கிழமை ஒரு ஜும்ஆவில் சூரத்துந் நூரின் 30-ஆம் வசனத்தை மட்டும் எடுத்து, 31-க்குப் போகாமல், ஆண்களுக்கு விளக்குங்கள். அன்றிரவு ஒவ்வொரு தந்தையும் மகளை அழைப்பதற்கு முன் மகனை அழைத்துப் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளட்டும். பேசத் தொடங்குவது கடினமாக இருக்கும், இருக்கட்டும். அவன் முகத்தைப் பிடித்துத் திருப்ப வேண்டிய கை நம்முடையதே.